கீத்தோவில் தம்பி கேட்டது

எக்குவடோர் என்ற பெயரை நான் முதன்முதலில் வாசித்தது ஒரு வாழைப்பழப் பெட்டியில். மொன்றியல் துறைமுகத்துக்குக் கிட்ட நான் வேலை செய்யும் பண்டகசாலைக்கு அந்தப் பெட்டிகள் வாரம் தவறாமல் வரும். பத்து வருடமாக இறக்கி அடுக்கியிருக்கிறேன். அந்த நாடு உலகப்படத்தில் எங்கே கிடக்கிறது என்று ஒருநாளும் தேடியதில்லை. 2008ஆம் ஆண்டு என் தம்பி கரன் அங்கே போய் மாட்டிக்கொண்ட பிறகுதான் மகளின் பள்ளிக்கூடப் புத்தகத்தை விரித்துப் பார்த்தேன்.

அந்த வருடம் எக்குவடோருக்குப் போக விசா வேண்டாம் என்ற கதை எங்கள் ஊர்ப்பக்கம் முழுக்கப் பரவியிருந்தது. கனடாவுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லிக் கூட்டிப்போன ஏஜென்ற், தலைநகரமான கீத்தோவில் ஓர் அறையில் கரனையும் இன்னும் நாலு பேரையும் இருத்திவிட்டுத் தன் போன் நம்பரை மாற்றிவிட்டான். ஐந்து மாதம் அப்படியே கிடந்தார்கள். நவம்பர் தொடக்கத்தில் கரன் எனக்குப் போன் எடுத்தான்.

"அண்ணை, ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்கோ. உங்கட முகத்தைப் பாக்க வேணும்போல கிடக்கு."

நான் ஊரைவிட்டு வரும்போது அவனுக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகு படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அம்மா என்னோடு மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்தார். போன் சத்தம் அவருக்கும் கேட்டது. "போட்டு வா மோனை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளே மிளகாய்த்தூள் வறுக்கத் தொடங்கிவிட்டார்.

பண்டகசாலையில் அந்த மாதம் எங்கள் வேலை நேரத்தை வெட்டியிருந்தார்கள். ஹோட்டலில் தங்குவது பற்றிய பேச்சே இல்லை. முதுகுப்பையோடு உலகம் சுற்றும் இளசுகள் தங்குகிற விடுதியில், எட்டுக் கட்டில் போட்ட அறையில், மேல்தட்டுக் கட்டில் ஒன்று. நாற்பத்தொரு வயதில், மகளின் ஊதா நிறப் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் தென்னமெரிக்காவுக்குச் சுற்றுலாப் போன விதம் இதுதான்.

கீத்தோ விமானநிலையம் நகரத்தின் நடுவில் இருந்தது. விமானம் இறங்கும்போது பக்கத்து மொட்டைமாடிகளில் உடுப்புக் காய்வது தெரிந்தது. ஒரு பெண் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு நின்றாள். தலைக்கு மேலே இவ்வளவு பெரிய சாமான் போகிறதே என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கரன் விமானநிலையத்துக்கு வரவில்லை. அங்கே பொலிஸ் நடமாட்டம் அதிகம், வர மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தான். டாக்ஸிக்காரர், என் விடுதியின் பெயருக்கு ஓர் எழுத்து மட்டுமே வித்தியாசமான வேறொரு விடுதியில், ஒரு மேட்டின் உச்சியில் என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டார். அங்கிருந்து படிகளால் இறங்கி, இன்னொரு மேட்டில் ஏறவேண்டும். அந்த நகரம் மலைகளுக்கு நடுவில் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. காற்று இருக்கிறது, மூச்சுக்குப் பற்றாது. நாளெல்லாம் பெட்டி தூக்குகிறவன் நான். முப்பதாவது படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். தோடம்பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் தன் முக்காலியைத் தள்ளிப் போட்டு, போத்தலில் இருந்து ஏதோ இலைத் தேநீரை ஊற்றித் தந்தாள். அவள் சொன்னதில் பாதி என் பிரெஞ்சை வைத்து விளங்கியது: "மெல்ல, ஐயா, மெல்ல. இங்கே வருகிற எல்லோரும் முதல்நாள் கிழவர்கள்தான்."

அந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே கலப்பில்லாத அன்பு அதுதான் என்று பிறகு நினைத்தேன்.

விடுதியில் என்னைத் தவிர எல்லோருக்கும் வயது இருபத்தைந்துக்குக் கீழே. பின்னேரங்களில் அவர்கள் பொதுக்கூடத்தில் வட்டமாக இருந்து கதைப்பார்கள். யார் மிகக் குறைந்த காசுக்குச் சாப்பிட்டது, யார் கோழிக்கூடுகளோடு லொறியில் வந்தது, யார் பத்து நாள் குளிக்காமல் இருந்தது என்பதில் அவர்களுக்குள் பெரிய போட்டி. வறுமை அவர்களுக்கு ஆறு மாத விடுமுறை. முடிந்ததும் வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளிப்பார்கள். என்னிடமும் கேட்டார்கள், எத்தனை மாதமாகப் பயணம் செய்கிறீர்கள் என்று. பத்தொன்பது வருடம் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆறு நாள் என்றேன். பாவம் என்று பார்த்தார்கள்.

என் கட்டிலுக்குக் கீழே டென்மார்க் பெண் ஒருத்தி. அன்று காலை பஸ்ஸில் அவளுடைய பாஸ்போட்டை யாரோ அடித்துவிட்டார்களாம். அழுது முகம் வீங்கிப்போய் இருந்தாள். மற்றவர்கள் தோளைத் தட்டி, இது எல்லோருக்கும் நடப்பதுதான், உன் நாட்டுக் காரியாலயத்துக்குப் போ, தருவார்கள் என்றார்கள். எனக்கு அவளைப் பார்க்க உண்மையிலேயே கவலையாக இருந்தது. பாஸ்போட் இல்லாத மனிதன் எப்படி இருப்பான் என்று நான் அறிவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் கரனைப் பார்க்கப் பழைய நகரத்துக்கு மின்சார பஸ்ஸில் போனேன். மேலே கம்பியில் கொழுவிக்கொண்டு ஓடுகிற நீள பஸ். மொன்றியல் மெட்ரோவில் குளிர்கால வெள்ளிக்கிழமை மாலையில்கூட அப்படி ஒரு நெரிசலை நான் கண்டதில்லை. பையை முன்பக்கம் போட்டுக்கொள் என்று விடுதிக்காரர் சொல்லியிருந்தார். போட்டுக்கொண்டுதான் நின்றேன். மூன்றாவது தரிப்பிடத்தில் எனக்கு முன்னால் நின்ற மனிதன் தும்மினான். பிறகு அவனுக்குப் பக்கத்தில் நின்ற கிழவி. பிறகு நான். பார்த்தால் பையின் அடியில் சவர அலகால் கிழித்திருக்கிறது. அம்மாவின் மிளகாய்த்தூள் பொதியும் சேர்ந்து வெட்டுப்பட்டு, சிவப்பாகக் கொட்டிக்கொண்டிருக்கிறது. பஸ் முழுக்கத் தும்மலும் இருமலும். கரனுக்கென்று சாந்தி வாங்கித் தந்த கம்பளிச் சட்டையும் என் கமராவும் போய்விட்டன. சாந்தி என் மனைவி. மிளகாய்த்தூளில் பாதியைக் கள்ளன் எனக்கு விட்டுவைத்தான். தும்மிக்கொண்டே ஓடியிருப்பான் என்பது மட்டும் ஆறுதல்.

சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்துக்கு முன்னால் பெரிய கல் சதுக்கம். புறாக்கள், சப்பாத்துத் துடைப்பவர்கள், பள்ளிக்கூட உடுப்பில் பிள்ளைகள். படியில் இருந்து ஒருவன் எழும்பி வந்தான். எனக்கு யாரும் காட்டவேண்டியிருக்கவில்லை. பத்து வருடத்துக்கு முந்தின நான்தான் வந்துகொண்டிருந்தேன். அதே நெற்றி, அதே வளைந்த மூக்கு, நடையில்கூட அதே இடதுபக்கச் சரிவு. மீசை மட்டும் அவனுக்கு இருந்தது.

கட்டிப்பிடித்துக்கொண்டோம். யாரும் அழவில்லை. இரண்டு பேருக்கும் மிளகாயில் ஏற்கெனவே கண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"பை என்ன அண்ணை, கிழிஞ்சு கிடக்கு?"

சொன்னேன்.

"பாஸ்போட்?" என்றான் உடனே.

"அது இருக்கு. இடுப்பிலை கட்டியிருக்கிறன்."

அவன் முகத்தில் ஏதோ வந்து போனது. ஆறுதல் என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் அவன் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனான். பன்னிரண்டு மேசை, ஒரு டி.வி., எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் உதைபந்தாட்டம். ஒரே விலைக்குச் சூப், சோறு, ஒரு துண்டு இறைச்சி, பழச்சாறு. சூப் உருளைக்கிழங்கும் பாற்கட்டியும் போட்டது, மேலே ஒரு துண்டு அவகாடோ. அதற்குள் போடப் பொரித்த சோளம் ஒரு கிண்ணத்தில் வந்தது. படம் பார்க்கும்போது தின்கிற அதே பொரி. சூப்பில் விழுந்ததும் சிறு சத்தத்தோடு ஊறியது. நல்லாயிருந்தது. கீத்தோவில் நான் சாப்பிட்டதெல்லாம் நல்லாகத்தான் இருந்தது. அதை மறைக்கக் கூடாது. மொன்றியலில் அந்தக் காசுக்கு தெப்பனேர் என்கிற மூலைக்கடையில் ஆறின கோப்பிதான் கிடைக்கும்.

கடைக்காரப் பெண் வந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரே தாய் ஒரே நாளில் பெற்றது போல" என்று சொன்னதாகக் கரன் மொழிபெயர்த்தான். அவன் ஸ்பானிய மொழியைச் சரளமாகக் கதைத்தான். ஐந்து மாதத்தில் எப்படி என்று கேட்டேன்.

"உருளைக்கிழங்கு உரிக்கேக்கை வேறை என்ன வேலை அண்ணை. வாய் சும்மாதானே கிடக்கு."

சாப்பிட்டபின் தலைமயிர் வெட்டப் போவம் என்றான். எனக்கு வெட்டவேண்டிய தேவை இல்லை. ஆனால் அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து முடி வெட்டுவது நல்லதாகப் பட்டது. அவன் முடிதிருத்துபவரிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னான். எனக்கு வெட்டியதுபோலவே அவனுக்கும் வெட்டினார்கள். பிறகு மீசையை எடுக்கச் சொன்னான்.

"உந்த மீசையை ஏன் எடுத்தனீ? உனக்கு வடிவாத்தானே இருந்தது."

"சும்மா அண்ணை. வளரும்தானே."

இவ்வளவும் கண்ணுக்கு முன்னால் நடந்தும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஓடவில்லை என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை வெயில், பதினொரு மணிக்கு ஆலங்கட்டி, பிறகு விடாத மழை. கரன் தங்கியிருந்த அறைக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால், ரயர்க் கடைக்கு மேலே. ஐந்து மெத்தைகள் நிலத்தில். சுவரில் ஓர் ஆணியில் எல்லோருடைய நல்ல சட்டைகளும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கின. கரன் வேலையால் வர இன்னும் நேரமிருந்தது. முல்லைத்தீவில் கணக்குப் படிப்பித்த ஒருவர் மட்டும் இருந்தார். அவரை எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் சண்டை நடக்கும் வன்னிக்குள். அவர்களோடு கதைத்து மூன்று மாதம் ஆகிறது என்றார். நான் கொண்டுபோன மிச்ச மிளகாய்த்தூளில் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

பிறகு உருளைக்கிழங்குக் கறி வைத்தோம். வெங்காயம் உரித்தபடி அவர் சாதாரணமாகக் கேட்டார்.

"அப்ப நீங்கள் எத்தினை நாள் இஞ்சை நிக்கவேண்டி வரும்? புதுசு தர ஒரு கிழமை எடுப்பாங்கள் என்ன?"

"என்ன புதுசு?"

அவர் கத்தியை வைத்துவிட்டார். "தம்பி இன்னும் உங்களோட கதைக்கேல்லையோ?"

"இல்லை. என்ன விசயம்?"

"அது... அவனே சொல்லட்டும். நான் வாயை விட்டிட்டன்." மறுபடி கத்தியை எடுத்து வெங்காயத்தை உரித்தார். கரன் வந்தான், சாப்பிட்டோம், எல்லோரும் கறியைப் புகழ்ந்தார்கள். இடுப்புப் பட்டியில் இருந்த பாஸ்போட் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தோலில் உறுத்தியது.

விடுதிக்குத் திரும்பினால் பொதுக்கூடத்தில் ஒரே சிரிப்பு. டென்மார்க் பெண்ணுக்குப் புதுப் பத்திரம் கிடைத்துவிட்டது. அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி எல்லோருக்கும் பியர் வாங்கிக் கொடுத்தாள். "படத்தில் நான் கொள்ளைக்காரி போல இருக்கிறேன், பாருங்கள்" என்று என்னிடமும் நீட்டினாள். இரண்டு நாளில் முடிந்த விசயம். ஒரு தாளில் கையெழுத்து, கொஞ்சம் அழுகை. இதற்காக யாரும் அவளைச் சந்தேகமாக ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கும் என் தோலுக்கும் அது இவ்வளவு லேசாக முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நடக்கவே நடக்காது என்றும் சொல்ல முடியவில்லை.

நாலாம் நாள் கரனுக்கு லீவு. பூமத்தியரேகையைப் பார்க்கப் போவம் என்றான். நகரத்துக்கு வடக்கே ஒன்றரை மணி நேர பஸ். இரண்டு தடவை மாறவேண்டும். இரண்டாவது பஸ் பாதிவழியில் ரயர் காற்றுப் போய் நின்றது. எல்லோரும் இறங்கித் தெருவோரம் மாங்காய் தின்றோம். மாங்காய்க்கு உப்பும் எலுமிச்சையும் போட்டு விற்றார்கள். ஊரில் பள்ளிக்கூட வாசலில் தின்ற அதே ருசி. கரன் என் கையில் இருந்ததையும் பறித்துத் தின்றான். அந்த அரை மணி நேரம்தான் எங்களுக்குக் கிடைத்த சகோதரப் பாசம் என்று சொல்லலாம்.

அங்கே உயரமான ஒரு கல் கோபுரம். அதன் காலடியிலிருந்து நிலத்தில் மஞ்சள் கோடு. உல்லாசப் பயணிகள் ஒரு காலை இந்தப் பக்கமும் மறுகாலை அந்தப் பக்கமும் வைத்துப் படம் எடுத்தார்கள். சரியான ரேகை அங்கே இல்லை, கொஞ்சம் தள்ளி இருக்கிறது, முற்காலத்தில் அளந்தவர்கள் பிழைவிட்டார்கள் என்று விடுதி இளசுகள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அது தெரிந்தும் எல்லோரும் அதே கோட்டில்தான் நிற்கிறார்கள்.

கரன் என்னை ஒரு வாங்கில் இருத்தினான். தான் இருக்கவில்லை.

"அண்ணை, நான் ஒண்டு கேப்பன். கோவிக்கக் கூடாது."

"கேள்."

"உங்கட பாஸ்போட்டைத் தாங்கோ. உங்கட டிக்கெட்டிலை நான் போறன். ரெண்டு நாள் கழிச்சு நீங்கள் துலைஞ்சு போச்செண்டு சொல்லுங்கோ. உங்களுக்குப் புதுசு தருவினம். நீங்கள் அந்த நாட்டுக்காரன்."

மாஸ்டர் வாய்விட்டதிலிருந்து எனக்குத் தெரியும்.

"பிடிபட்டால்?"

"என்னைத்தானே பிடிப்பினம்."

"டேய், என்ர பேரிலையெல்லோ போறாய். எனக்கு ரெண்டு பிள்ளையள். வீட்டுக் கடன். வேலை. எல்லாத்தையும் பறிச்சுக்கொண்டு விடுவாங்கள். மறியலுக்குள்ளையும் கிடக்கவேண்டி வரும்."

அவன் கோபுரத்தைப் பார்த்தபடி கேட்டான். அவன் குரல் உயரவில்லை.

"நீங்கள் எப்பிடிப் போனனீங்கள் அண்ணை?"



1989இல் நான் மொன்றியலின் மிராபெல் விமானநிலையத்தில் வந்து இறங்கியது ஒரு மலேசியாக்காரரின் பாஸ்போட்டில். சிங்கப்பூரில் வைத்து என் கையில் தந்தார்கள். அவருடைய பெயரையும் பிறந்த தேதியையும் தகப்பன் பெயரையும் இரண்டு நாள் பாடமாக்கினேன். இன்றைக்கும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இங்கே எழுத மாட்டேன். அவர் யார், ஏன் தந்தார், பிறகு அவருக்கு என்ன நடந்தது, ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயன்றதும் இல்லை.

"அந்த மனுசனுக்கும் பிள்ளையள் இருந்திருக்கும்தானே" என்றான் கரன்.

"அவர் காசுக்குக் குடுத்தவர்."

"அப்ப நானும் தாறன். உழைச்சுத் தாறன்."

"விசர்க்கதை கதையாதை."

"சரி. விசர்தான்." அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான். "அம்மா சொன்னவ, நீ கேள், அவன் தருவான் எண்டு."

"அம்மாக்குத் தெரியுமோ?"

"ஓம். அம்மாதான் உங்களை வரச்சொல்லிப் போன் எடுக்கச் சொன்னவ."

எனக்கு முன்னால் ஒரு சீனக் குடும்பம் கோட்டின்மேல் வரிசையாக நின்று சிரித்தது. படமெடுத்துத் தரும்படி தகப்பன் கமராவை என்னிடம் நீட்டினார். வாங்கி எடுத்துக் கொடுத்தேன். படம் சரிவாக வந்ததால் இன்னொன்று எடுக்கச் சொன்னார். அதையும் எடுத்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவருக்கும் சேர்ந்து இருக்க இடம் கிடைத்தது. கரன் ஜன்னலில் தலையைச் சாய்த்து நித்திரை கொள்வதுபோல வந்தான். இறங்கும்போது, "அம்மாவை ஒண்டும் கேக்காதேங்கோ" என்று மட்டும் சொன்னான்.

ஐந்தாம் நாள் அவன் வரச்சொல்லவில்லை. விடுதி இளசுகள் எரிமலை பார்க்கப் போய்விட்டார்கள். வெறுமையான அறையில் மேல்தட்டுக் கட்டிலில் இருந்து பாஸ்போட்டை விரித்தேன். படம் நாலு வருடத்துக்கு முன் எடுத்தது. அப்போது நான் மெலிவு. அந்தப் படத்தில் இருந்தவனுக்கு என்னைவிடக் கரனின் சாயல்தான் கூட. மீசை இல்லாத கரன். முடி வெட்டின கரன்.

ஒரு மணிபோல எழுந்து சப்பாத்துப் போட்டேன். கழற்றிவிட்டேன். மறுபடி போட்டுக்கொண்டு மின்சார பஸ் தரிப்பிடம்வரை போனேன். சிவப்பு பஸ் வந்தது. கதவு திறந்தது. ஏறினால் அரை மணி நேரத்தில் அவனுடைய அறையில் நிற்பேன். ஏறவில்லை. அடுத்தது வந்தது. அதுவும் நெரிசல் என்று எனக்கே ஒரு காரணம் சொன்னேன். அதற்கடுத்தது பாதி வெறுமையாக வந்தது. காரணம் ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனாலும் நின்றேன். பயம்தான். பிள்ளைகள் என்று சொன்னால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். பிள்ளைகளை அந்த நேரம் நான் நினைக்கவே இல்லை. மேசைக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஓர் அதிகாரி என் முகத்தைப் பார்த்து, பொய் சொல்கிறாய் என்று சொல்லப்போகும் அந்த ஒரு கணத்தை நினைத்துத்தான் பயந்தேன். பத்தொன்பது வருடத்துக்கு முன்பு அந்தக் கணம் எனக்கு வராமல் தப்பியது. இன்னொரு முறை அதற்கு முன்னால் போய் நிற்க என்னால் முடியவில்லை.

தரிப்பிடத்தில் பொரித்த பன்றித்தோல் விற்ற பெண், "எந்த பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள்?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஒரு பொட்டலம் வாங்கித் தின்றுகொண்டே திரும்பினேன். அதுவும் நல்லாகத்தான் இருந்தது.

ஆறாம் நாள் விமானநிலையத்துக்குக் கரன் வந்தான். உள்ளே வரவில்லை. தெருவின் மறுபக்கம், பூக்கடைக்குப் பக்கத்தில் நின்றான். மீசை முளைக்கத் தொடங்கியிருந்தது. கையில் ஒரு பொதி, அம்மாவுக்கென்று வாங்கிய சாம்பல் நிறக் கம்பளிச் சால்வை.

"குளிருக்குப் போடச் சொல்லுங்கோ."

"கரன்..."

"விடுங்கோ அண்ணை. நேரம் போகுது."

நான் போட்டிருந்த தடித்த ஜக்கெற்றைக் கழற்றி அவனிடம் கொடுத்தேன். வேண்டாம் என்றான். "உங்களுக்குத்தானே அங்கை குளிரும்." கட்டாயப்படுத்தித் தோளில் போட்டுவிட்டேன். பாஸ்போட்டைக் கொடுக்காதவன் ஜக்கெற்றைக் கொடுத்தேன். அளவு சரியாக இருந்தது.

மொன்றியலில் இறங்கும்போது பனி தூவத் தொடங்கியிருந்தது. வரிசையில் நின்றபோது ஆறு நாள் தனியாகப் பயணம் செய்தவன் என்று என்னைத் தனியே கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று நினைத்தேன். சொல்லவேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். இளம்பெண் ஒருத்தி, "போன்ஜூர்" என்றாள். பாஸ்போட்டை வாங்கி இயந்திரத்தில் தட்டினாள். எதற்குப் போனீர்கள் என்று கேட்டாள். ஊர் பார்க்க என்றேன். அந்த நேரம் அவளுடைய பேனை மேசையிலிருந்து உருண்டு விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டே பாஸ்போட்டைத் திருப்பித் தந்துவிட்டாள். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

வெளியே வந்து சட்டையோடு பஸ்ஸுக்கு நின்றேன். குளிர் பல்லைக் கிட்டவைத்தது. பரவாயில்லை என்றிருந்தது.

கதவைத் திறந்தது அம்மா. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நான் அன்றைக்கு வருவதாகத்தான் டிக்கெட். ஆனால் அவர் அன்றைக்கு என்னை எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"வந்திட்டாய்" என்றார்.

சால்வையைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் இருந்தார். கரன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. பிள்ளைகள் வந்து கட்டிக்கொண்டார்கள். என்ன கொண்டுவந்தாய் என்று பிரெஞ்சில் கேட்டார்கள். சாந்திக்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்கள் செய்தது சரி" என்றாள். அவள் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து என் தங்கச்சி காரோடு வந்தாள். அம்மா கொஞ்ச நாள் நகரத்தின் மறுமுனையில், ரொக்ஸ்பரோவில் தன்னோடு வந்து நிற்கட்டும் என்றாள். அம்மா ஏற்கெனவே பெட்டி கட்டி வைத்திருந்தார். கோடை வந்து போய்விட்டது. அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

கரன் தை மாதம் கீத்தோவை விட்டுப் புறப்பட்டான். மாஸ்டர் போகவில்லை, அவன் விட்டுப்போன உருளைக்கிழங்கு உரிக்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். கரன் பஸ்ஸிலும் படகிலும் கால்நடையாகவும் ஏழு நாடுகளைக் கடந்து அமெரிக்க எல்லையில் போய்ப் பிடிபட்டான். இப்போது டெக்சாஸில் ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறான். வழியில் கால் முறிந்து சரியாகப் பொருந்தவில்லை என்று தங்கச்சி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு கதைக்கிறான். நான் அங்கே இருக்கும் நேரம் போன் வந்தால், அம்மா போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். அந்தக் கால் எங்கே முறிந்தது, எப்படி முறிந்தது என்று நான் இன்னும் கேட்கவில்லை.

ஞாயிறுகளில் நான் தவறாமல் போகிறேன். அம்மா சமைத்து வைத்திருப்பார். என்மேல் கோபம் என்று ஒரு சொல் சொன்னதில்லை. நான் பிறந்த நாளிலிருந்து அவர் என்னை "நீ" என்றும் "டேய்" என்றும் "மோனை" என்றும்தான் கூப்பிட்டு வந்தார். இப்போது கதவைத் திறந்து ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று சொல்கிறார்:

"வாங்கோ. இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறியளோ?"